அடமானம்

டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால்
நகரம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும்.
முடியவில்லை.
பைன் மரங்களுக்கு நடுவே
வழவழவென்று ஒரு தார்ப்பாதை,
சறுக்குச் சக்கரம் வாடகைக்கு விடும் கடை,
அதற்குள் நான்.

ரீகாவில் பாதிப் பேருடைய கால் அளவு
எனக்கு அத்துப்படி.
முகங்கள்தான் மறந்துபோகும்.
அடையாள அட்டையெல்லாம் வேண்டாம்,
போட்டிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்பேன்.
காலணியை விட்டுவிட்டு ஓடிப்போக
இந்தக் குளிர் யாரையும் விடாது.

செப்டம்பர் ஞாயிறு.
மழை வருமென்றார்கள், வரவில்லை,
ஆகவே எல்லோரும் வந்துவிட்டார்கள்.
தள்ளுவண்டிக் குழந்தைகள்,
தமக்குத்தாமே சிரித்தபடி ஓடுகிறவர்கள்,
கயிற்றுப் பாலத்தின் பாதி வழியில்
அம்மாவைக் கூப்பிடத் தொடங்கிய ஒரு வங்கி மேலாளர்
(கீழே நின்று மனைவி படம் எடுக்கிறாள்),
தட்டெறியும் பையன்கள்.
சங்கிலிக் கூடையில் தட்டு விழும்போதெல்லாம்
யாரோ சில்லறையைக் கொட்டிவிட்டதாய்
ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பேன்.

இத்தனைக்கும் நடுவில்
குனிந்த தலை நிமிராமல்
காளான் தேடிக்கொண்டு போகிறாள் ஒருத்தி.
அவளுக்கு இது பூங்கா இல்லை. காடு.

மூன்று மணிக்கு அவர் வந்தார்.
ஐம்பதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை.
சீட்டில் எழுதப் பெயர் கேட்டேன்.
வில்னிஸ்.
இதற்கு முன் ஓட்டியிருக்கிறீர்களா?
"பார்த்திருக்கிறேன்."

பழுப்புத் தோல் காலணி, நாற்பத்துமூன்று.
அலமாரியில் வைக்கும்போதுதான் கை சொன்னது:
இடது கனம்.
அடியில் இரண்டு விரற்கடைக்குக்
கூடுதலாய் ஓர் அடுக்கு,
வெளியே தெரியாதபடி தைத்தது.
நிமிர்ந்து பார்ப்பதற்குள்
பீரோவை ஒற்றை ஆளாய்ச் சுமப்பவர் போல
ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து
மரங்களுக்குள் போயிருந்தார்.
எந்தக் கால் குட்டை என்று
சக்கரத்துக்கு என்ன தெரியும்?

ஒரு மணி நேரச் சீட்டு.
நான்கு ஆயிற்று.
ஐந்தரைக்கு அலமாரி முழுக்கச் சக்கரங்கள் திரும்பியிருந்தன,
காலணி ஒரே ஜோடி.
கூப்பிட எண் இல்லை. அடமானம் மட்டும் இருந்தது.
கடையைப் பூட்டி
அதை சைக்கிள் கூடையில் வைத்து மிதித்தேன்.

காலியான பாட்டரங்கப் படிகளின் உச்சியில்
ஆப்பிள் தின்றுகொண்டிருந்த சிறுவன் சொன்னான்:
"இப்படித்தான் போனார். கையை ஆட்டினார்."
ஆட்டினாரா,
உதவிக்கு ஆட்டினாரா?
யோசித்தான்.
"ரெண்டு கையையும் ஆட்டினார்."

ஏரிக்கரை.
பலகைத் துறையில் உட்கார்ந்திருந்தார்,
முழங்கையில் சிராய்ப்பு, தலைமுடியில் ஊசியிலைகள்.
பக்கத்தில் காளான்காரி,
கூடையின் துணியைக் கிழித்துக்
காயத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தத் தெரியவில்லை" என்றார்.
"ஏரி வரும்வரை போகவேண்டியதாயிற்று."
கழற்றிவிட்டுக் காலுறையோடு
நடந்தே வந்திருக்கலாமே?
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"நடக்கத்தான் நாள்தோறும் நடக்கிறேன்."

கூடுதல் நேரத்துக்கு இரண்டு மணிக் கட்டணம் கேட்டேன்.
விதி விதிதான்.
நாணயங்களை எண்ணிக் கொடுத்தார், சரியாக இருந்தது.
இருவரும் சிரிக்கவில்லை. காளான்காரிதான் சிரித்தாள்.

காலணியை மாட்டி எழுந்து நின்றார்.
நேராக.
"நாளைக்கு எப்போது திறப்பீர்கள்?"
திங்கள் விடுமுறை என்றேன்.
செவ்வாயைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்து
விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.
நாற்பத்துமூன்றின் சக்கரங்களில்
சுற்றிச் சுற்றி ஏறியிருந்த ஊசியிலைகளை
ஒவ்வொன்றாய் உருவினேன்.
என் அளவு முப்பத்தெட்டு.
மேல்தட்டில் மூன்று ஜோடி இருக்கிறது.

ஒரு இலை மட்டும்
அச்சுக்குள் போய் வரமாட்டேன் என்றது.
அதோடேயே
மாட்டி வைத்தேன்.